கிடாரமடுவும் என் சம்பந்தியின் சாக்கும்

டிசம்பர் 3

தூண்டில் சங்கத்துச் செயலாளர் பூபதி ஐயா இன்று இந்த டைரியைக் கொடுத்தார். "மாரப்பா, கிடாரமடுவுல பெரிய மீன் கொறஞ்சுக்கிட்டே வருது. எவனோ கை வெக்கறான். நீ காவக்காரன். யார் மேல சந்தேகம் வந்தாலும் தேதி போட்டு எழுதி வை. தை மாசம் மீன்துறை மேடம் வர்றப்போ நீதான் எந்திரிச்சுச் சொல்லணும்" என்றார்.

சந்தேகப்படுவதற்குச் சம்பளம் கொடுக்கிற உத்தியோகம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? நான் பத்தாம் வகுப்பை மூன்று முறை எழுதியவன். கடைசியில் தேறியது என் திறமையா, திருத்தியவரின் அலுப்பா என்று எனக்கே இன்றுவரை சந்தேகம் உண்டு. ஆகவே தகுதி இருக்கிறது.

முதலில் நிலவரத்தை எழுதிவிடுகிறேன். செங்காறு என்கிற எங்கள் ஆற்றில், தடுப்பணைக்கு மேலே கிடாரமடு உள்ள பகுதி தூண்டில் சங்கத்தின் குத்தகை. கோயம்புத்தூர், ஈரோட்டு ஐயாமார்கள் கார் போட்டு வந்து, பொழுதுக்கும் வெயிலில் காய்ந்து, ஒரு பெருங்கெண்டையைப் பிடித்து, படம் எடுத்துக்கொண்டு, திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். விட்டே ஆக வேண்டும், அது விதி. பைத்தியக்காரத்தனம் என்று ஊர் சிரிக்கிறது. ஆனால் சங்கம் வருவதற்கு முன்னால் இதே மடுவில் மீன் பிடிக்கத் தோட்டா வெடித்தார்கள். குஞ்சுகள் வயிறு மேலாக மிதந்ததை நானே பார்த்திருக்கிறேன். இப்போது தோட்டா இல்லை. சங்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

தடுப்பணைக்குக் கீழே என் சம்பந்தி நஞ்சப்பன் உரிமம் வாங்கி வலை போடுகிறார். என் மகள் கோகிலா வாழ்க்கைப்பட்டிருப்பது அந்தப் பரிசலில்தான். மீன் குறைவதால் கீழேயும் வலைக்குத் தடை வேண்டும் என்று சங்கம் மனுப் போட்டிருக்கிறது. தடை வந்தால் சம்பந்தி பரிசலைக் கவிழ்த்து அதன் முதுகில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கோகிலாவுக்கு ஏழு மாதம். தையில் கட்டுச்சோறு கொண்டுபோய் அவளைப் பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும்.

ஆகவே நான் கள்ளனைப் பிடித்தாக வேண்டும். அது சம்பந்தியாக மட்டும் இருக்கக் கூடாது.

டிசம்பர் 5

சந்தேகம்: ஆட்டுக்கார வெள்ளையன். மடுவையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏன் என்றேன். ஆடு தண்ணீர் குடிக்கிறது என்றான். ஆடு குடித்துக்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும்.

டிசம்பர் 8

காரில் டாக்டர் ஐயா வந்தார். ராகிக்களி உருண்டைதான் தூண்டிலுக்கு இரை. என் வீட்டுக்காரி சம்பூரணம் கிண்டித் தருவாள். மீனுக்கும் எனக்கும் ஒரே சட்டியில் களி. மீனுக்கு மட்டும் சோம்பு போடுவாள்.

உச்சிப்பொழுதில் டாக்டரின் தூண்டில் வளைந்தது. கிழிஉதட்டான்! இந்த மடுவில் பெரிய மீன்கள் ஒவ்வொன்றின் முகமும் எனக்குத் தெரியும். முன்பொரு தடவை கொக்கி கிழித்த உதடு இவனுக்கு. தங்கத் தட்டு அடுக்கியது போலச் செதில். டாக்டர் இழுத்துக் களைத்துப்போனார், மீன் அவரைவிடக் களைத்தது.

அப்புறம் என் வேலை. இதில் மட்டும் எனக்குப் பெருமை உண்டு, மறைப்பானேன். மீனவக் குடும்பத்தில் பிறந்தும் எனக்கு வலை வீச வராது; வீசினால் மீன் வெளியே இருக்கும், நான் உள்ளே இருப்பேன். அதனால் கரும்பாலைக்கு வேலைக்குப் போய் வலதுகை மோதிர விரலில் பாதியை அங்கேயே காணிக்கை வைத்துவிட்டு வந்தேன். ஆனால் மீனை ஏந்திப் பிடிப்பதில் என்னை அடிக்க ஆளில்லை. ஆற்றோரக் கொட்டகைச் சுவரில் சங்கத்தின் விதிப்பலகை இருக்கிறது, முழுக்க இங்கிலீஷ். அதில் நல்லதாக ஓர் ஆணி. அங்கே என் துண்டு எப்போதும் காய்ந்து தொங்கும். அதை எடுத்து, வழவழப்பு போகும்வரை மீனை நன்றாகத் துடைத்து, வலதுகையை வயிற்றுக்கு அடியில் கொடுத்து, வெயில் பக்கமாகத் திருப்பித் தூக்கினால் செதில் தகதகவென்று எரியும். பிறகு உதட்டுக் காயத்தில் மஞ்சள்பொடி. அதற்கப்புறம்தான் விடுவேன். குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டுவது மாதிரி.

"மாரப்பன் கை பட்டா மீனே போஸ் குடுக்கும்யா" என்றார் டாக்டர்.

சம்பந்தி எங்கிருந்தோ கரையில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏனுங் சம்மந்தி, தொடைக்காம உட்டா ஆவாதுங்களா?" என்றார்.

"படத்துல பளபளன்னு இருக்கணுமில்லீங்" என்றேன்.

"அது செரி" என்று போய்விட்டார். கீழே வலை போடுகிற ஆளுக்கு மேலே என்ன வேலை?

டிசம்பர் 14

கிழிஉதட்டானைக் காணோம். தினமும் பொரி போட்டால் முதலில் வருகிறவன். குழிவயிறனையும் காணோம். போன மாதக் கடைசியில் ஈரோட்டு மில்காரர் பிடித்து விட்டது அது.

சந்தேகம்: நீர்நாய். பாறை மேல் எச்சம் கிடந்தது, மீன்செதில் கலந்து. ஆனால் குஞ்சு மீனின் செதில். பன்னிரண்டு கிலோ மீனைத் தின்னும் நீர்நாய் இருந்தால் அதற்குத்தான் முதலில் காவலாளி வேலை கொடுக்க வேண்டும்.

டிசம்பர் 19

எழுதவே கை வரவில்லை.

வெடியால, இருட்டு பிரியும் முன்பே, தடுப்பணைப் பக்கம் போனேன். சம்பந்தி மணல்திட்டிலிருந்து ஏறி வந்தார். தோளில் ஈரச் சாக்கு, கையில் மண்வெட்டி. என்னைக் கண்டதும் சாக்கை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டார்.

"என்னங் சம்மந்தி, ஆத்துல வெள்ளாமையா?"

"மணலுங்."

"மணலு எதுக்குங்?"

"மாட்டுக்கு."

மாடு மணல் தின்னுமா என்று கேட்க வாய் வந்தது. சம்பந்தியிடம் அப்படிக் கேட்க முடியாது. பெண்ணைக் கொடுத்தவன் ஒரு கேள்வி கேட்டால் வாங்கியவர்கள் வீட்டில் அது ஒன்பதாகப் போய்ச் சேரும். திரும்பி வந்துவிட்டேன்.

டிசம்பர் 20

சம்பூரணத்திடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நஞ்சப்பண்ணன் மீனைத் திருடுவாரா? உங்களுக்கென்ன கோட்டி புடிச்சிருக்குதா? குஞ்சு மாட்டுனா வலையக் கிழிச்சாவது எடுத்து ஆத்துல உடற மனுசன்."

"அப்ப சாக்குல என்ன?"

"மணலுன்னாருல்ல."

"மாட்டுக்குன்னாரு!"

"மாடு படுக்கறதுக்கா இருக்கும். ஏனுங், சம்மந்தி மேல சந்தேகப்படற ஆளு கட்டுச்சோறு கொண்டுக்கிட்டு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்த வாசப்படி ஏறுவீங்க?"

நானும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தேன். கண்ணில் நீர் வந்தது. வெங்காயம்தான்.

டிசம்பர் 27

விடுமுறைக் கூட்டம். நாள் முழுக்க ஏந்தினேன், துடைத்தேன், மஞ்சள் வைத்தேன். ஒரே துண்டு போதவில்லை. சம்பூரணத்தின் பழைய சேலையைக் கிழித்துக்கொண்டேன். ஒரு ஐயா தன் மகளையும் பக்கத்தில் நிறுத்தி எடுக்க வேண்டுமென்றார். மகள் மீன் வாடை என்று ஓடினாள், கூட்டி வந்தார்கள், மறுபடியும் ஓடினாள். மீன் என் கையிலேயே இருந்தது. சமர்த்து மீன், அசையவே இல்லை.

பூபதி ஐயா முதுகில் தட்டி, "சங்கத்துக்கே உன் கைதாண்டா விளம்பரம்" என்றார்.

ஜனவரி 3

டாக்டர் மறுபடியும் வந்தார். பட்டாளத்தான் மாட்டினான். மடு வாசலில் சென்ட்ரி மாதிரி நிற்பவன், இருப்பதிலேயே பெரியவன். தூக்கிப் பிடித்தேன். டாக்டரின் போனில் இடம் நிறைந்துவிட்டதாம். பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அழித்தார். "இது மச்சினன் கல்யாணம், வெச்சுக்கலாம்... இது எதுக்கு..." என் கை கடுத்துப்போனது. ஒருவழியாக எடுத்தார். மஞ்சள் வைத்து விட்டேன். பட்டாளத்தான் கொஞ்ச நேரம் பக்கவாட்டில் சாய்ந்தே நின்றான். வாலைப் பிடித்து ஆட்டினேன். போனான்.

களைப்பு இருக்காதா பின்னே. எனக்கே இருந்தது.

ஜனவரி 6

சம்பந்தியை மறுபடியும் பார்த்தேன். அதே மணல்திட்டு, அதே சாக்கு. இந்த முறை சாக்கிலிருந்து சொட்டிய தண்ணீரில் மீன் வாடை. மணலில் மீன் வாடை வருமென்று நான் படித்த எந்த வகுப்பிலும் சொல்லிக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து இதே பக்கத்தில் 'நஞ்சப்பன்' என்று எழுதி, உடனே அடித்துவிட்டேன். அடித்தது நன்றாகத் தெரிகிறது.

ஜனவரி 8

தெரிந்துதான் விட்டது. பூபதி ஐயா டைரியை வாங்கிப் புரட்டினார்.

"உன் சம்பந்தியா?"

"கண்ணால பாக்கலீங் ஐயா. சாக்குதான்..."

"போதும்பா. கூட்டத்துல சாக்கைப் பத்தி மட்டும் சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அவர் முகத்தில் தூண்டிலில் மீன் மாட்டிய களை. எனக்கு ஒரு சந்தேகம்: ஐயாவுக்குக் கள்ளன் வேண்டுமா, வலைக்காரன் வேண்டுமா? இதையும் எழுதி வைக்கிறேன். அவரே கொடுத்த டைரிதானே, யார் மேல் வந்தாலும் எழுதச் சொன்னார்.

ஜனவரி 11

கோகிலா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வரும் வழியில் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. பி.காம். படித்தவள், எனக்கு வர வேண்டிய படிப்பெல்லாம் சேர்ந்து அவளுக்குப் போய்விட்டது.

"அப்பா, மாமா மேல கூட்டத்துல ஏதோ சொல்லப் போறீங்களாமா?"

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. மாமாவுக்கும் தெரியும். ஒண்ணுமே பேச மாட்டேங்கறாரு. நேத்து எனக்கு இளநி வெட்டிக் குடுத்துட்டு, 'உங்கப்பன் நல்ல மனுசன் கண்ணு, என்ன பேசுனாலும் நீ மனசுல வெச்சுக்காத'ன்னாரு."

கள்ளனுக்கு இவ்வளவு நைச்சியமா என்று நினைத்தேன். நினைத்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். பலகையைப் படித்துக்கொண்டே வந்து, துண்டை ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

"இதுக்கு அடியில ஒண்ணு இருக்கே, படிச்சிருக்கீங்களா?"

"நான் எங்கிருந்து இங்கிலீஷு படிக்கறது? துண்டு மாட்டத்தான் அது."

"மீனைத் தொடறதுக்கு முன்னாடி கைய நல்லா நனைச்சுக்கணும். துணி படக்கூடாது. தண்ணிய விட்டு வெளிய தூக்கக்கூடாது."

"சும்மா எழுதியிருப்பாங்க கண்ணு. ஐயாமாரெல்லாம் படிச்சவங்க. அவங்களே ஒண்ணும் சொன்னதில்லையே."

கோகிலா என் கையைப் பார்த்தாள். துண்டைத் திரும்ப ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போனாள்.

ஜனவரி 12

வெடியால சம்பந்தி மணல்திட்டிலிருந்து போனதும் நான் இறங்கினேன். கூட்டத்தில் வெறும் சாக்கைச் சொன்னால் நாலு பேர் சிரிப்பார்கள். கையில் ஆதாரம் வேண்டும். ஈரமணல் இருந்த இடத்தைத் தோண்டினேன்.

பட்டாளத்தான்.

வெட்டுக்காயம் இல்லை. வலைத்தடம் இல்லை. விற்கவும் இல்லை, தின்னவும் இல்லை. முழு மீனாகப் புதைத்திருக்கிறார். மேலே வேப்பந்தழை போட்டிருந்தது.

வயிற்றோரம் வெள்ளையாகப் பூஞ்சை, பஞ்சு ஒட்டியது போல. மீதி உடம்பெல்லாம் லேசாகப் படர்ந்திருக்க, அந்த ஓரிடத்தில் மட்டும் அடர்த்தியாக. திருப்பிப் பார்த்தேன். கை வைத்து எடுத்த மாதிரி இருந்தது. கை யாருக்குத்தான் இல்லை.

விரல் விரலாகத் தெரிந்தது. மோதிர விரல் இருக்க வேண்டிய இடத்தில் பாதிதான் இருந்தது. நண்டு ஏதாவது தின்றிருக்கலாம்.

பக்கத்தில் இன்னும் மேடுகள் இருந்தன. தோண்டவில்லை.

ஜனவரி 13

எழுத ஒன்றுமில்லை. துண்டைத் துவைத்து வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

ஜனவரி 15

பொங்கல். சம்பூரணம் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டாள். நண்டுக்கு அப்படி வெட்டினாற்போல் தின்ன வருமா என்று கேட்டேன். என்னங் உளறுறீங்க என்றாள்.

ஜனவரி 20

கொட்டகையில் கூட்டம். மீன்துறை மேடம், சங்கத்து ஐயாமார்கள், டாக்டர். ஓரத்தில் சம்பந்தி, வெளுத்த வேட்டி கட்டிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாற்காலி காலியாக இருந்தும் யாரும் உட்காரச் சொல்லவில்லை. நானே எடுத்துப் போட்டேன். பூபதி ஐயா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"சொல்லு மாரப்பா. சாக்கு விசயம்."

எழுந்தேன். "ஆளு கெடைச்சுட்டானுங்" என்றேன். "என்ற சம்மந்தி இல்லீங்."

"பின்னே யாரு?"

"அவன் திருடலீங் ஐயா. தொடச்சான்."

ஒருவருக்கும் புரியவில்லை. பலகையிடம் போய் ஆணிக்கு அடியில் இருந்த அந்த வரியைக் காட்டி, படிக்கச் சொன்னேன். மேடம் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மீன் உடம்புல வழவழன்னு இருக்கறதுதான் அதுக்குத் தோல் மாதிரிப் பாதுகாப்பு. அதைத் துடைச்சா பூஞ்சை புடிக்கும். வெளிய வெச்சுக்கிட்டே இருந்தா மூச்சும் போகும். விட்டப்புறம் பத்து நாள்ல எங்கயாவது ஒதுங்கிச் செத்துரும்" என்றவர், ஐயாமார்கள் பக்கம் திரும்பி, "இந்தப் பலகைய எழுதினது நீங்கதானே?" என்றார்.

எல்லாரும் பலகையைப் பார்த்தார்கள். இத்தனை வருடம் அதில் என் துண்டைத்தான் பார்த்திருப்பார்கள்.

டாக்டர்தான் முதலில் பேசினார். "அப்போ படம்? படம் இல்லேன்னா நான் பிடிச்சேன்னு எவன் நம்புவான்?"

"மீனுக்குத் தெரியுமுங்" என்றார் சம்பந்தி. கூட்டத்தில் அவர் பேசியது அது ஒன்றுதான்.

மேடம் முடிவு சொன்னார். கீழே வலைக்குத் தடை இப்போது கிடையாது. ஆனால் சம்பந்தி இன்னும் பெரிய கண்ணுள்ள வலைதான் போட வேண்டும். மீன் முட்டையிடும் ஆடி முதல் புரட்டாசி வரை வலையும் கூடாது, தூண்டிலும் கூடாது. மேலே, மீனைத் தண்ணீரிலேயே வைத்துக் கொக்கியை எடுக்க வேண்டும். தூக்கிப் படம் எடுத்தால் உறுப்பினர் அட்டை போகும். சம்பந்திக்கு வலைக்கண் விசயத்தில் முகம் சுருங்கியது. டாக்டர் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். இரண்டு பக்கமும் கசந்ததால் மருந்து சரியானதுதான் போலிருக்கிறது.

எல்லாரும் போனபின் பூபதி ஐயா, "யாருடா அந்தத் தொடச்ச ஆளு?" என்று கேட்டார்.

"இனிமே தொடைக்க மாட்டானுங்" என்றேன். அவர் என் கையைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார். அவர் போனிலும் அந்தக் கை நூறு படத்தில் இருக்கும்.

தடுப்பணைவரை சம்பந்தியோடு நடந்தேன். மணல்திட்டு கண்ணில் பட்டது. கடைசியில் நானே கேட்டேன்.

"ஏனுங் பொதைச்சீங்க?"

"அணை தாண்டி என்ற பக்கம் செத்து ஒதுங்குச்சுங். மேலால பாத்தா என்ற வலைம்பாங்க. உத்துப் பாத்தா உங்கற கைம்பாங்க. ரெண்டுல எதுன்னாலும் அடி நம்ம புள்ளைக்குத்தானுங்களே சம்மந்தி."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்?"

"ஒருக்காச் சொன்னேனுங். பளபளன்னு இருக்கணும்னீங்க. பொண்ணு குடுத்தவங்ககிட்ட ரெண்டாந்தடவ குத்தம் சொல்றதெப்புடி?"

அப்புறம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மணலு தின்னு என்ற மாடு எளைச்சுப் போச்சுங்" என்றார்.

ஜனவரி 26

கட்டுச்சோறு. புளிசாதம், தயிர்சாதம், எள்ளுசாதம், தேங்காய்ச்சாதம் எல்லாம் தூக்குப்போசியில் கட்டி வண்டி வைத்துப் போனோம். வாசற்படி ஏறும்போது சம்பூரணம் என் மூஞ்சியை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். கோகிலா கை நிறைய வளையலோடு வந்து நின்றாள்.

பந்திக்கு முன்னால் சம்பந்தி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, முறைப்படி என் கையில் ஊற்றினார். அரைச் சொம்பு ஊற்றியும் நிறுத்தவில்லை.

"நல்லா நனைங்க சம்மந்தி" என்றார்.

நனைத்தேன். அவர் வீட்டம்மா துடைக்கத் துண்டு நீட்டினார்கள். வேண்டாமுங்க என்று சொல்லிவிட்டு ஈரக்கையோடு போய் இலையில் உட்கார்ந்தேன். கோகிலாதான் முதலில் சிரித்தாள்.